ஏமாற்றினான் என்றால் போதுமா? 'கேஸ்லைட்' என்னும் ஆங்கில வினையின் ஸ்பானிய மொழிபெயர்ப்பு

1. சிக்கல்

'கேஸ்லைட்' என்பது இன்றைய ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல். ஒருவர் கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் 'அப்படி எதுவும் நடக்கவில்லை' என்று விடாமல் மறுத்து, கடைசியில் அவர் தம் புத்தியையே சந்தேகிக்கும் நிலைக்குக் கொண்டுபோவதை இந்த ஒரு சொல் குறிக்கிறது. இது செயப்படுபொருள் குன்றா வினை. யாருக்கு இந்தக் கொடுமை நடந்ததோ, அவரையே நேரடிச் செயப்படுபொருளாக எடுத்துக்கொள்ளும்.

இதை ஸ்பானிய மொழிக்குக் கொண்டுபோகும் மொழிபெயர்ப்பாளருக்கு முதலில் கைக்கு வருவது 'எங்கஞார்'. ஏமாற்றுவதற்கான பொது வினை அது. அகராதியைப் பிரித்தால் 'மனிப்புலார்' (தன் இஷ்டத்துக்கு ஆட்டிவைத்தல்) என்பதும், 'அசேர் லுஸ் தே காஸ்' என்ற தொடரும் கிடைக்கும். கடைசித் தொடருக்குச் சொல்லுக்குச் சொல் பொருள் 'கேஸ் வெளிச்சம் செய்தல்'. ஆங்கிலச் சொல்லை அப்படியே எடுத்து ஸ்பானிய விகுதி ஒட்டிப் பேசுவோரும் உண்டு. இவற்றில் எது சரி என்ற கேள்வி பெரும்பாலும் மொழித்தூய்மை பற்றிய வாதமாகவே முடிந்துவிடுகிறது. வந்த சொல்லா, சொந்தச் சொல்லா என்பது இரண்டாம்பட்சக் கேள்வி. ஏமாற்றப்பட்டவரிடம் எது கெட்டுப்போனது, அவருடைய நம்பிக்கையா, தீர்மானிக்கும் திறனா என்பதே மொழிபெயர்ப்பாளர் முதலில் கேட்கவேண்டியது. அதற்கு விடை கிடைத்த பிறகுதான் ஸ்பானிய இலக்கணம் எதற்கெல்லாம் இடம் தருகிறது என்று பார்க்கமுடியும்.

2. விளக்கு எதற்குச் சாட்சி

சொல்லின் மூலம் ஒரு நாடகம். பாட்ரிக் ஹாமில்டன் எழுதிய 'கேஸ் லைட்' 1938 டிசம்பரில் இங்கிலாந்தின் ரிச்மண்ட் அரங்கில் முதலில் மேடையேறியது. 1941இல் 'ஏஞ்சல் ஸ்ட்ரீட்' என்ற பெயரில் நியூயார்க் பிராட்வேக்குப் போய் 1,295 முறை நடிக்கப்பட்டது. 1940இல் தொரால்ட் டிக்கின்சன் பிரிட்டனில் படமாக்கினார். 1944இல் ஜார்ஜ் கியூக்கர் ஹாலிவுட்டில் எடுத்த படம் இங்க்ரிட் பெர்க்மனுக்குச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றுத் தந்தது. இந்தக் கடைசிப் படம்தான் பெயரை உலகெங்கும் கொண்டுசேர்த்தது.

கதை விக்டோரியா காலத்து லண்டனில் ஒரு வீட்டுக்குள் நடக்கிறது. கணவன் மானிங்ஹாம் பொருள்களை ஒளித்துவைக்கிறான். சுவரில் மாட்டிய படத்தைக் கழற்றி மறைக்கிறான். 'நீதான் எடுத்தாய், எடுத்ததையும் மறந்துவிட்டாய்' என்று மனைவி பெல்லாவின்மேல் பழி போடுகிறான். இரவானால் வெளியே போவதாகச் சொல்லிவிட்டு, பூட்டிக் கிடக்கும் மேல்மாடிக்குள் யாருக்கும் தெரியாமல் நுழைகிறான். பல ஆண்டுகளுக்கு முன் அதே வீட்டில் அவன் கொன்ற கிழவியின் மாணிக்கக் கற்களை அங்கே தேடுகிறான். தேட வெளிச்சம் வேண்டும். மேலே விளக்கைத் திறந்ததும் குழாயில் கேஸின் அழுத்தம் குறைகிறது. கீழே பெல்லாவின் அறையில் எரியும் சுடர் சுருங்குகிறது. தேடி முடித்து அவன் மேல்விளக்கை அணைத்தால் கீழ்விளக்கு மறுபடி நிமிர்கிறது. சற்று நேரத்தில் வாசற்கதவு திறக்கிறது.

இங்கே ஒரு விவரத்தைக் கவனமாகப் பார்க்கவேண்டும். பல அறிமுகக் குறிப்புகள், மனைவியைப் பைத்தியமாக்க வேண்டும் என்றே கணவன் விளக்கை மங்கச் செய்தான் என்று எழுதுகின்றன. நாடகத்தில் அப்படி இல்லை. படத்தை ஒளித்ததும் பழி சுமத்தியதும் அவன் கருவிகள். விளக்கு மங்கியது அவன் எண்ணிச் செய்யாத பக்கவிளைவு. அவன் வீட்டுக்குள்தான் இருக்கிறான் என்பதற்கு அந்தச் சுடர்தான் அவளிடம் உள்ள முக்கியச் சாட்சி. துப்பறியும் அதிகாரி வந்து கேட்கும்போது, அவள் பைத்தியமில்லை என்று நிறுவுவதும் அதுவே. அதாவது, உண்மையைக் காட்டிக்கொடுத்த பொருளின் பெயர், உண்மையை மறைக்கும் செயலுக்கு வைக்கப்பட்டிருக்கிறது. ஆங்கிலத்தில் இந்தத் தலைகீழ் மாற்றம் யாரையும் உறுத்துவதில்லை, ஏனென்றால் சொல் தேய்ந்து உருவகம் மறந்துவிட்டது. ஸ்பானியத்தில் தொடரின் ஒவ்வொரு சொல்லும் இன்னும் தனித்தனியாகக் காதில் விழுகிறது. அதனால் இந்த விவரம் மொழிபெயர்ப்பிலும் முன்னே வந்து நிற்கிறது.

3. ஆங்கிலத்தில் பெயர் வினையான விதம்

நாடகத் தலைப்பு ஒரேயடியாக வினைச்சொல் ஆகிவிடவில்லை. 1950களில் அமெரிக்கத் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்களில் ஒருவருக்கு 'கேஸ்லைட் வைத்தியம் கொடுப்பது' என்ற மாதிரியான வழக்கு தலைகாட்டுகிறது. பெயர்ச்சொல் ஒன்று, 'கொடு' என்ற பொதுவினை ஒன்று, பாதிக்கப்பட்டவருக்கு நான்காம் வேற்றுமை போன்ற ஓர் இடம் என்ற அமைப்பு அது. 1961இல் மானிடவியலாளர் அந்தோனி வாலஸ் தம் 'கல்ச்சர் அண்ட் பர்சனாலிட்டி' நூலில், நல்ல நிலையில் உள்ளவரையும் இப்படிச் செய்து மனநோய்க்குத் தள்ளமுடியும் என்று மக்கள் நம்புவதைக் குறிப்பிடும் இடத்தில் இது தனி வினைச்சொல்லாகவே வருகிறது. 1969இல் 'லான்செட்' மருத்துவ இதழில் பார்ட்டனும் வைட்ஹெட்டும் 'கேஸ்லைட்' என்ற பெயரிட்டே ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சுற்றியிருப்பவர்கள் தங்களுக்கு வேண்டாதவரை மனநோயாளியாகக் காட்டி மருத்துவமனையில் சேர்க்க முயன்ற நிகழ்வுகள் அதன் பொருள். அதாவது, சொல் முதலில் நின்ற இடம் நாடகத்துக்கு மிக அருகில்தான்: திட்டம் உண்டு, ஆதாயம் உண்டு, கால நீட்சி உண்டு.

பின்னாளில் அது குடும்ப வன்முறை பற்றிய நூல்களுக்கும், 2016க்குப் பிறகு அரசியல் பேச்சுக்கும் பரவியது. மெரியம்-வெப்ஸ்டர் அகராதி 2022ஆம் ஆண்டின் சொல்லாக இதன் பெயர்வடிவத்தைத் தேர்ந்தெடுத்தது. அந்த ஆண்டில் அதைத் தேடிப் பார்த்தவர்கள் 1,740 விழுக்காடு கூடினார்கள் என்று அறிவித்தது. பரவலின் விலை பொருள் தளர்ச்சி. இன்று ஒரு சாதாரணப் பொய்யையும், ஒரு கருத்து வேறுபாட்டையும்கூட இந்தச் சொல்லால் குறிப்பவர்கள் உண்டு. மொழிபெயர்ப்பாளர் கையில் வரும் ஆங்கில வாக்கியம் 1969இன் பொருளில் உள்ளதா, 2022இன் பொருளில் உள்ளதா என்று பிரித்தறியாமல் ஸ்பானியச் சொல்லைத் தேடுவது வீண்வேலை.

4. 'எங்கஞார்' எதுவரை எட்டும்

'எங்கஞார்' பழைய சொல். கேலி செய்தல் என்னும் பொருளுடைய ஒரு பேச்சு லத்தீன் வினையிலிருந்து வந்ததாக ஸ்பானிய ராயல் அகாடமியின் அகராதி சொல்கிறது. பொய்யை மெய்யென்று நம்பவைப்பது, வாழ்க்கைத் துணைக்குத் துரோகம் செய்வது, பசிக்கு ஏதோ வாயில் போட்டு அதை ஏய்ப்பது, தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வது ஆகிய எல்லாவற்றுக்கும் இந்த ஒரே வினை போதும். இத்தனை அகலமான சொல்லுக்கு 'கேஸ்லைட்' அடங்காதா என்று கேட்கத் தோன்றும்.

அடங்காது என்பதற்கு நல்ல சான்று சட்டத்தில் கிடைக்கிறது. ஸ்பெயினின் குற்றவியல் சட்டத் தொகுப்பில் 248ஆவது பிரிவு மோசடியை வரையறுக்கிறது. ஆதாய நோக்கத்தோடு, மற்றொருவரைப் பிழையான எண்ணத்துக்குள் தள்ளப் போதுமான 'எங்காஞோ' (ஏமாற்று) செய்து, அவர் தமக்கோ பிறருக்கோ நஷ்டம் வரும்படி சொத்தைக் கைவிடச் செய்வதே மோசடி. இந்த வரையறையில் ஏமாற்றின் விளைவு 'பிழை'. ஏமாந்தவர் மனத்தில் ஒரு தவறான செய்தி குடியேறிவிட்டது. ஆனால் செய்தியை வைத்து முடிவெடுக்கும் கருவி பழுதாகவில்லை. சரியான செய்தி கிடைத்த கணமே அவர் விழித்துக்கொள்வார். ஸ்பானிய மொழி அந்த விழிப்புக்கென்றே 'தெசெங்காஞோ' என்று ஒரு சொல்லை வைத்திருக்கிறது. ஏமாற்று நீங்குதல் என்பது அதன் நேர்ப்பொருள். 17ஆம் நூற்றாண்டு ஸ்பானிய இலக்கியத்தின் மையச் சொற்களில் அது ஒன்று. கெவேதோ அதை ஒரு கிழவனாக உருவகித்தே எழுதினார். ஏமாற்றும் தெளிவும் இப்படி இணைபிரியாமல் நிற்கும் சொற்குடும்பத்தில், கேஸ்லைட் செய்யப்பட்டவரின் நிலைக்கு இடமில்லை. அவரிடம் சரியான செய்தி ஏற்கெனவே இருக்கிறது. விளக்கு மங்கியதை அவர் பார்த்தார். பார்த்ததை நம்பும் உரிமைதான் பறிபோனது.

ஓர் எடுத்துக்காட்டு இதை அருகில் வைத்துக் காட்டும். கணவன் மனைவியை கேஸ்லைட் செய்து வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினான் என்று ஓர் ஆங்கில வாக்கியம் இருப்பதாகக் கொள்வோம். இதை 'லா எங்காஞோ பாரா கே ஃபிர்மாரா' (கையெழுத்துப் போடும்படி அவளை ஏமாற்றினான்) என்று மொழிபெயர்த்தால் ஸ்பானிய வாசகர் மனத்தில் எழும் காட்சி வேறு: அது விற்பனைப் பத்திரம் என்று அவளுக்குத் தெரியாது, வேறு ஏதோ காகிதம் என்று நம்பிப் போட்டாள். ஆங்கில வாக்கியத்தில் அவளுக்குப் பத்திரம் தெரியும், வாசகமும் தெரியும். 'எனக்குத்தான் புத்தி சரியில்லையே, அவர் சொல்வதுதான் சரியாக இருக்கும்' என்று போட்டாள். முதற்காட்சி 248ஆவது பிரிவுக்குள் வரும். இரண்டாவது அதற்குள் எளிதில் வராது. உளவியல் வன்முறையையும் வன்முறையாகவே கொள்ளும் 2004ஆம் ஆண்டின் பாலின வன்முறைச் சட்டத்தின் பக்கம் அது போகும். ஒரு வினைச்சொல்லை மாற்றியதில் வழக்கே இடம் மாறிவிடுகிறது.

இதே இடத்தில் ஒரு பழைய பொறியையும் குறிப்பிடலாம். ஏமாற்றுதலுக்கான பொதுவான ஆங்கில வினை 'டிஸீவ்'. அதே லத்தீன் வேரிலிருந்து வந்த ஸ்பானிய வினை 'தெசெப்சியோனார்'. ஒலி ஒற்றுமையை நம்பி ஒன்றுக்கு மற்றொன்றைப் போடுவது தொடக்க மாணவர்கள் பலர் செய்யும் பிழை, ஏனென்றால் ஸ்பானியச் சொல்லின் பொருள் எதிர்பார்ப்பைப் பொய்யாக்கி மனவருத்தம் தருவது. அகாடமி அகராதி 'தெசெப்சியோன்' என்ற பெயருக்கு ஏமாற்று என்ற பொருளையும் தருகிறது. தமிழ் வாசகருக்கு இந்தப் பொருள்மாற்றம் புதிதில்லை. 'ஏமாற்று' என்ற வினையின் பக்கத்திலேயே 'ஏமாற்றம்' நிற்கிறது. இன்று அது பெரும்பாலும் நினைத்தது நடக்காத வருத்தத்தையே குறிக்கிறது. ஏமாற்றப்பட்டவர் கடைசியில் அடைவது வருத்தம் என்பதால், காரணத்தின் பெயர் காரியத்துக்குப் போய்விட்டது.

5. சொல் பிறக்குமுன் நடந்த செயல்

'கேஸ்லைட்' என்ற சொல் இல்லாததால் ஸ்பானிய மொழிக்கு இந்த அனுபவமே அந்நியம் என்று எண்ணுவது பெரும்பிழை. 1335இல் தோன் ஹுவான் மனுவேல் எழுதி முடித்த 'எல் கோந்தே லுக்கானோர்' கதைத்தொகுப்பின் 32ஆம் கதை, பின்னாளில் ஆண்டர்சன் எழுதிய புத்தாடைக் கதைக்கு மூத்தது. மூன்று எத்தர்கள் அரசனிடம் வந்து ஒரு துணி நெய்வதாகச் சொல்கிறார்கள். தான் எவருடைய மகன் என்று ஊர் நம்புகிறதோ அவருக்கே மெய்யாகப் பிறந்தவன் கண்ணுக்குத்தான் அந்தத் துணி தெரியும் என்கிறார்கள். அரசன் போய்ப் பார்க்கிறான். தறியில் ஒன்றும் இல்லை. அவன் எத்தர்களைச் சந்தேகிக்கவில்லை. தன் பிறப்பைச் சந்தேகிக்கிறான், ராஜ்யம் போய்விடுமே என்று நடுங்குகிறான், துணியைப் புகழ்கிறான். கண் சரியாகவே கண்டது. கண்டதை நம்ப அவனுக்குத் துணிவில்லை. 1615இல் அச்சான செர்வாந்தேஸின் 'எல் ரெத்தாப்லோ தே லாஸ் மராவியாஸ்' என்ற சிறுநாடகம் இதே உத்தியை ஒரு கிராமத்தின்மேல் பிரயோகிக்கிறது. கலப்பற்ற கிறிஸ்தவக் குருதியும் முறையான பிறப்பும் உள்ளவருக்கு மட்டுமே தெரியும் என்று சொல்லி வெறும் மேடையைக் காட்டுகிறார்கள். ஊரே அதிசயம் கண்டதாகக் கூவுகிறது.

இவற்றைவிடக் கூர்மையான சான்று அதே 1615இல் வந்த 'தோன் கிஹோத்தே' இரண்டாம் பாகத்தில் இருக்கிறது. 10ஆம் அத்தியாயத்தில் எல் தொபோசோ ஊருக்கு வெளியே கழுதைமேல் வரும் மூன்று குடியானவப் பெண்களைக் காட்டி, இதோ துல்சினேயா சீமாட்டியும் தோழியரும் என்று சாஞ்சோ தன் எசமானிடம் அளக்கிறான். எசமான் கண்ணுக்குக் குடியானவப் பெண்கள்தான் தெரிகிறார்கள். மந்திரவாதிகள் தன் கண்ணை மறைத்துவிட்டதாக அவர் முடிவு கட்டுகிறார். 33ஆம் அத்தியாயத்தில் சாஞ்சோ இந்தப் பித்தலாட்டத்தைச் சீமாட்டி ஒருத்தியிடம் ஒப்புக்கொள்கிறான். அவளோ, அந்தப் பெண் மெய்யாகவே துல்சினேயாதான், ஏமாற்றியதாக எண்ணும் சாஞ்சோவே ஏமாந்தவன் என்று அடித்துச் சொல்கிறாள். பொய்யைக் கட்டியவன் அவனே. அது பொய் என்று அவனைவிட நன்றாக அறிந்தவர் யாருமில்லை. ஆனாலும் ஒரு பெரிய இடத்துப் பெண்மணி உறுதியாகச் சொல்லும்போது, அப்படியும் இருக்கலாம் என்று அவன் தன் நினைவையே விட்டுக்கொடுக்கிறான்.

செர்வாந்தேஸ் அந்த இடத்தில் பயன்படுத்துவது 'எங்கஞார்' வேரிலிருந்து வந்த இரு சொற்களைத்தான்: ஏமாற்றியவன், ஏமாந்தவன். ஆகவே 'எங்கஞார்' இந்தப் பொருளைத் தாங்கவே தாங்காது என்றும் சொல்லமுடியாது. முழு அத்தியாயமும் முட்டுக்கொடுத்தால் தாங்கும். ஒற்றை வாக்கியத்தில், முட்டு ஏதுமின்றி, ஒரு செய்திக் குறிப்பிலோ வாக்குமூலத்திலோ தாங்காது. ஸ்பானியத்துக்கு இல்லாமலிருந்தது அனுபவமோ கதையோ அல்ல, கதை முழுவதையும் மடித்து வைத்துக்கொள்ளும் ஒரு சொல்.

6. 'அசேர் லுஸ் தே காஸ்': இலக்கணம் தருவதும் தடுப்பதும்

1944ஆம் ஆண்டுப் படத்துக்கு ஸ்பெயினில் வைத்த பெயர் 'லுஸ் கே அகொனீசா'. 'அகொனிசார்' என்றால் ஸ்பானியத்தில் உயிர் இழுத்துக்கொண்டிருப்பது. ஆங்கிலத்தில் அதே வேரிலிருந்து வந்த வினை பெரும்பாலும் வேதனைப்படுவதையே குறிக்கும். எனவே தலைப்பின் பொருள் 'உயிர் விடும் வெளிச்சம்'. அழகான தலைப்பு, விளக்கை விட்டுவிட்டு அது மங்குவதைப் பிடித்துக்கொண்டது. ஆனால் வழக்கில் நிலைத்த தொடர் அந்தத் தலைப்பைத் தொடவில்லை. நாடகத்தின் நேர்ப்பெயரான 'லுஸ் தே காஸ்' என்பதையே எடுத்துக்கொண்டது. அகாடமி அகராதி இத்தொடரை வினைத்தொடராகவே சேர்த்திருக்கிறது. ஒருவர் கண்டவற்றையும் நினைவில் வைத்திருப்பவற்றையும் நெடுநாள் மதிப்பிழக்கச் செய்து, தம் அறிவையே அவர் ஐயுறும்படி செய்ய முயல்வது என்பது அது தரும் விளக்கத்தின் சாரம். மொழிப்பயன்பாட்டுக்கு ஆலோசனை கூறும் ஃபுந்தேயு அமைப்பும் ஆங்கிலச் சொல்லுக்குப் பதிலாக இதையே பரிந்துரைத்திருக்கிறது.

இந்தத் தொடரின் பலம் அதன் வேற்றுமையில் இருக்கிறது. 'எங்கஞார்' பாதிக்கப்பட்டவரை இரண்டாம் வேற்றுமையில் நிறுத்தும்: அவளை ஏமாற்றினான். 'அசேர்' (செய்) தொடர் அவரை நான்காம் வேற்றுமையில் நிறுத்துகிறது: 'லே இசோ லுஸ் தே காஸ்', அவளுக்கு அதைச் செய்தான். ஸ்பானியத்தில் ஒருவருக்கு நேரும் தீங்குகளைச் சொல்லும் ஒரு தொடர்க்குடும்பமே இந்த அச்சில் வார்த்தது. ஒருவருக்கு வெற்றிடம் செய்தல் என்றால் அவரைச் சேர்க்காமல் ஒதுக்கிவைத்தல். ஒருவருக்கு வாழ்க்கையை முடியாததாகச் செய்தல் என்றால் அவர் பிழைப்பை நரகமாக்குதல். இரண்டும் ஒரு நாள் செயல்கள் அல்ல, நாள்பட்டவை, சுற்றியிருப்போர் செய்பவை. புதிய தொடர் இந்தக் குடும்பத்துக்குள் வந்து இயல்பாக உட்கார்ந்துகொண்டது. 1950களின் ஆங்கிலமும் 'கொடு' என்ற பொதுவினையோடு இதே அமைப்பில்தான் தொடங்கியது என்பதை இங்கே நினைவில் கொள்ளவேண்டும். ஆங்கிலம் பெயரையே வினையாக்கும் பழக்கத்தால் அடுத்த படிக்குத் தாவியது. ஸ்பானியம் முதற்படியிலேயே நிலைத்துவிட்டது. இதை ஸ்பானிய மொழியின் குறையாகப் பார்க்க எந்தக் காரணமும் இல்லை.

இன்னொரு பலனும் உண்டு. நான்காம் வேற்றுமைப் பிரதிப்பெயரான 'லே' ஆண், பெண் வேறுபாடு காட்டாது. 'லா எங்காஞோ' என்றால் ஏமாந்தவள் பெண் என்று வெளிப்பட்டுவிடும். பாதிக்கப்பட்டவர் யார் என்பதைக் கடைசிவரை மறைக்கவேண்டிய துப்பறியும் நாவலை மொழிபெயர்ப்பவருக்கு இந்த 'லே' பெரிய உதவி.

தடைகள் அதே அமைப்பிலிருந்தே வருகின்றன. செயப்பாட்டுவினை முதலாவது. 'ஃபுவே எங்கஞாதா' (அவள் ஏமாற்றப்பட்டாள்) என்று தாராளமாகச் சொல்லலாம். கேஸ் வெளிச்சத் தொடரில் 'லுஸ்' என்ற பெயரே செயப்படுபொருள் இடத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதால், பாதிக்கப்பட்டவரை எழுவாயாக்கிச் செயப்பாட்டு வாக்கியம் அமைக்க வழியில்லை. ஆங்கிலத்தில் பாதிக்கப்பட்டவர்கள் தங்கள் நிலையைச் சொல்லும் எளிய வழி அந்தச் செயப்பாட்டு எச்சம்தான். 'நான் கேஸ்லைட் செய்யப்பட்டதாக உணர்கிறேன்' என்பதன் ஸ்பானிய வடிவம் 'மே சியெந்தோ மனிப்புலாதா' என்று சுருங்கும்போது, ஆட்டிவைக்கப்பட்டேன் என்பது மட்டும் நிற்கிறது. என் கண்ணையே நம்பமுடியவில்லை என்பது கழன்றுவிடுகிறது. இந்த இடத்தில் சொல்லுக்குச் சொல் தேடாமல் 'யா நோ மே ஃபியோ நி தே லோ கே வேயோ', 'நான் பார்ப்பதையே இப்போதெல்லாம் நம்பமுடியவில்லை' என்று விரித்து எழுதுவதுதான் நேர்மையான மொழிபெயர்ப்பு. செய்பவரைக் குறிக்கும் பெயரும் இந்தத் தொடரிலிருந்து பிறக்காது. அங்கேயும் 'மனிப்புலதோர்' என்ற பொதுச்சொல்லோடு ஒரு விளக்கத்தைச் சேர்க்கவேண்டியிருக்கிறது.

அடுத்த தடை உருவகம். ஸ்பானியத்தில் 'லுஸ்' வரும் தொடர்களில் பல தெளிவின் பக்கம் நிற்பவை. ஒரு விஷயத்தின்மேல் வெளிச்சம் வீசுவது அதை விளக்குவது. வெளிச்சத்துக்குக் கொண்டுவருவது வெளியிடுவது. எல்லா வெளிச்சங்களிலும் என்றால் ஐயமின்றி. இந்தப் பழக்கத்தோடு வருபவருக்கு, ஒருவருக்குக் கேஸ் வெளிச்சம் செய்தான் என்பது முதல் வாசிப்பில் அவருக்கு எதையோ தெளிவாக்கினான் என்று ஒலிக்கக்கூடும். நாடகத்தில் விளக்கு உண்மையின் பக்கம் நின்றது என்று மேலே கண்டோம். ஆங்கிலத்தில் அடங்கிப்போன அந்த முரண் ஸ்பானியத்தில் மறுபடி உயிர்பெறுகிறது. நாடகம் அறிந்த வாசகருக்கு இது ஒரு சிறு இடறல், அவ்வளவுதான். அறியாதவருக்குத் தொடர் முதன்முறை வரும் இடத்தில் பக்கத்து வாக்கியம் பொருளைத் தாங்கிக்கொடுக்க வேண்டும்.

நீளம் ஒரு தடை என்று அடிக்கடி சொல்லப்படுவதை மட்டும் எளிதாகத் தள்ளிவிடலாம். 'நீ என்னை கேஸ்லைட் செய்கிறாய்' என்ற ஆங்கில வாக்கியம் இடைவெளிகளோடு 21 எழுத்து. 'மே ஆசெஸ் லுஸ் தே காஸ்' ஸ்பானிய எழுத்தில் 19. தொடர்நிகழ்கால வடிவம் போட்டாலும் 28தான். திரையடி வசனத்தின் ஒரு வரிக்குள் அடங்கும்.

7. மற்ற வழிகள்

ஆங்கிலச் சொல்லையே வைத்துக்கொள்வது லத்தீன் அமெரிக்காவிலும் ஸ்பெயினின் இளைய தலைமுறையிலும் பரவலான வழி. பெயராக வைத்து 'அசேர்' சேர்ப்பார்கள், அல்லது '-எயார்' விகுதி ஒட்டி 'கேஸ்லைத்தேயார்' என்பார்கள். இந்த விகுதி 'சத்தேயார்' (இணையத்தில் அரட்டை அடித்தல்) போன்ற வினைகளை ஏற்கெனவே அகராதிக்குள் கொண்டுவந்திருப்பதால் இதை இலக்கணப்பிழை என்று ஒதுக்கமுடியாது. இதன் ஆதாயம், விரும்பிய செயப்பாட்டு எச்சம் உடனே கிடைப்பது. இதன் குறை, உளவியல் பேச்சு அறிந்த நகரத்து வாசகருக்கு வெளியே அது ஒலி மட்டுமே. இருபது வயதுப் பாத்திரத்தின் உரையாடலில் இயல்பாக வரும் சொல், அதே நாவலில் அவள் பாட்டியின் வாயில் வந்தால் ஒட்டாது.

'மனிப்புலார்' எல்லா இடத்திலும் பொருந்துவது போலத் தோன்றுவதே அதன் ஆபத்து. விளம்பரமும் மனிப்புலார் செய்யும், கட்சித்தலைவரும் செய்வார், குழந்தை அழுது காரியம் சாதிப்பதும் அதுதான். ஆங்கில மூலம் ஒரு குறிப்பிட்ட முறையைச் சுட்டும்போது அந்தச் சொல் வகையை மட்டும் தருகிறது. நேரம் குறைந்த செய்தி மொழிபெயர்ப்பில் இது நிறைய நடக்கிறது. பாதிக்கப்பட்டவரின் வாக்குமூலத்தில் இதை ஏற்றுக்கொள்வது அவருக்குச் செய்யும் அநீதி, ஏனென்றால் அவர் தேடிப் பிடித்துச் சொன்ன ஒரு துல்லியம் அங்கே காணாமல் போகிறது.

பேச்சு வழக்கு தரும் 'வொல்வேர் லோக்கா' (பைத்தியமாக்குதல்), 'அசேர்லே க்ரேயெர் கே எஸ்தா லோக்கா' (அவள் பைத்தியம் என்று அவளையே நம்பவைத்தல்) ஆகியவை வேறு வகை. இவற்றுக்கு எந்த நாடகமும் தெரிந்திருக்க வேண்டாம்; எந்த ஊரிலும் எந்த வயதிலும் புரியும். பெயரடை பால் காட்டும் என்பதால் 'லோக்கா', 'லோக்கோ' என்று பெண்ணா ஆணா என்பது வெளிப்பட்டுவிடும். மறைக்கவேண்டிய இடத்தில் இது உதவாது. மற்ற இடங்களில், குறிப்பாகச் சண்டைக்காட்சி வசனங்களில், இதைவிட உயிருள்ள ஸ்பானியம் இல்லை.

8. எந்த இடத்தில் எது

திட்டமிட்டு, நாள்பட, ஒருவர் அறிவைக் குலைக்கும் செயலுக்குப் பெயரிடும் கட்டுரை, வழக்கு விவரம், உளவியல் நூல் ஆகியவற்றில் 'அசேர் லுஸ் தே காஸ்' நிற்கவேண்டும். முதன்முறை வரும்போது விளக்கத்தோடு. மேலே கண்ட பத்திர வாக்கியத்தை இந்த வழியில் 'லே இசோ லுஸ் தே காஸ் அஸ்தா கே ஃபிர்மோ', அதாவது அவள் கையெழுத்திடும்வரை அவளுக்கு அதைச் செய்தான் என்று எழுதலாம். 'அஸ்தா கே' (வரை) என்ற சிறு சொல் கால நீட்சியை உள்ளே கொண்டுவந்துவிடுகிறது. ஆங்கிலம் அந்தச் சொல்லைத் தளர்வாகப் பயன்படுத்தியிருக்கும் இடங்களில், ஓர் அமைச்சர் நேற்றுச் சொன்னதை இன்று மறுத்ததற்கு எதிர்க்கட்சியினர் கேஸ்லைட் என்று கூவும் இடங்களில், 'மெந்தீர்' (பொய் சொல்லுதல்) அல்லது 'எங்கஞார்' போதுமானது. பெரிய சொல்லை அங்கேயும் போட்டால் ஸ்பானியத்திலும் அது தேய்ந்து, வேண்டிய இடத்தில் கைகொடுக்காமல் போகும். பேச்சாளர் மிகைப்படுத்துகிறார் என்பதே செய்தியாக இருந்தால் மட்டும் அந்த மிகையைக் காப்பாற்றலாம்.

ஓரிடத்தில் இந்தத் தொடரை எக்காரணம் கொண்டும் பயன்படுத்தக்கூடாது. அது மூல நாடகமும் 1944ஆம் ஆண்டுப் படமும். அவற்றைப் புதிதாக ஸ்பானியத்தில் மொழிபெயர்ப்பவருக்கு, கணவன் செய்வதற்கு இன்று எல்லோருக்கும் தெரிந்த பெயரையே வசனத்தில் வைத்துவிட ஆசை வரலாம். விளக்கு இன்னும் விளக்காகவே எரியும் வீட்டுக்குள் அந்தச் சொல் பிறந்திருக்கவில்லை. படத்தில் அதிகாரி கதாநாயகியிடம், உனக்குப் புத்தி பேதலிக்கவில்லை, முறைவைத்துப் பேதலிக்கச் செய்கிறார்கள் என்ற பொருள்படப் பேசும் இடம் வருகிறது. அங்கே 'லா எஸ்தான் வொல்வியேந்தோ லோக்கா' என்பதுதான் பொருந்தும். அவளைப் பைத்தியமாக்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள்படும் அந்த வாக்கியத்தில் அவள் செயப்படுபொருளாக இருக்கிறாள், செய்பவர்கள் வெளியே இருக்கிறார்கள், செயல் இன்னும் முடியவில்லை.